மதுரையில் குடிபுகுந்த உரோமைத் துறவி

எங்கள் சோழவந்தான் பக்கத்தில் புதுவீடு புகுவோர் முதலில் பால் காய்ச்சுவர். பிறகு அக்கம்பக்கத்தாரை அழைத்து உட்காரவைத்து உபசரிப்பர். நாலுபேர் வந்து அமர்ந்த பின்னரே அது வீடாகும் என்பார்கள் பெரியோர். நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு மண்குடிசையில் குடிபுகுந்த மாமனிதர் ஒருவரின் வரலாற்றை நாங்கள் படித்தபோது, அக்குடிசைக்கு யார் யார் வந்தனர், யாருக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று என்பதே எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. அவர்தாம் தத்துவ போதகர் என அழைக்கப்பெற்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளார்.

அடிகளார் 1577ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியில் தோன்றினார். துறவியாகும் விருப்பத்தை வீட்டார் எதிர்க்கவே, அவர்கள் அறியாமல் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று இயேசு சபையில் சேர்ந்தார். (இந்த ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம் என்று எங்கள் ஆசிரியை சிரித்துக்கொண்டே கூறினார்!) 1604இல் லிஸ்பனில் கப்பலேறி, மறு ஆண்டு கோவாவை அடைந்தார். முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் பயின்றபின், 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார்.

அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் வயதில் மூத்த குரு, பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்திருந்த பரதவக் கிறிஸ்தவர்கள் அவரிடம் வந்தனரேயன்றி, மதுரை மக்கள் எட்டிப் பார்க்கவில்லை. மாட்டிறைச்சி உண்டு, மதுவருந்தும் பறங்கியரின் மார்க்கம் நமக்கு எதற்கு என்று ஒதுங்கினர். இதைக் கண்ட நொபிலி அடிகளார் அவ்வில்லத்தை விட்டு வெளியேறி, அந்தணர் வாழும் பகுதியில் ஒரு மண்குடிசையில் தங்கினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம். நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவு. சிவதருமர் என்ற அந்தணரிடம் வடமொழி கற்றார். தெலுங்கும் பயின்றார். தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதினார். நம் ஆலயத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் கோயில், பூசை போன்ற சொற்கள் கிறிஸ்தவ வழிபாட்டில் வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது. கற்றோர் பலர் அக்குடிசைக்கு வந்து அவரோடு உரையாடினர்.

ஆனால் தாழ்த்தப்பட்ட மக்கள் அங்கே தாராளமாக வரமுடியவில்லை. பரதவக் கிறிஸ்தவர்களும் விலகியே நின்றனர். ஒரே சபையைச் சேர்ந்த மூத்தவரான பெர்னாண்டசின் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! 1610இல் அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். வழக்கு உரோமை வரை சென்றது. எங்கள் வகுப்பிலும் இதுபற்றிப் பெரிய வாதம் எழுந்தது. விருந்தாளி, வந்த வீட்டின் வழக்கப்படி நடப்பதே முறை என்றனர் ஒரு சாரார். அந்த வழக்கமே சிலரை வாசலில் நிறுத்துவதானால் என்ன செய்வது என்றனர் மற்றவர். நாங்கள் அடிகளாரைப் போற்றுகிறோம். ஆயினும் இந்த ஒரு கேள்வியை மறைத்துப் போற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

1623ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அடிகளாரின் முறைக்கு இசைவளித்தார். அதே ஆண்டில் அவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் எனக் கால்நடையாகவே நெடும்பயணம். சேலத்தில் அவருக்கு வீடு கொடுப்பார் யாருமில்லை! இடம் பார்த்துக் குடிபுகுந்தவர் இப்போது பொதுச் சத்திரத்தில் படுத்துக் கிடந்தார். காய்ச்சல் வேறு வாட்டியது. பல நாட்கள் கழிந்த பின்னரே அவ்வூர்த் தலைவன் மனமிரங்கி வீடு தந்தான். வழிப்போக்கராய்ச் சத்திரத்தில் கிடந்த அந்த நாட்களை வாசித்தபோதுதான் அடிகளார் எங்களுக்கு மிகவும் நெருங்கியவரானார். விடுதியில் முதல் இரவு உறங்காமல் அழுதவர்கள் எங்களில் பலர் உண்டல்லவா?

1640இல் அவர் மதுரையில் சிறைவாசமும் அனுபவித்தார். அதே ஆண்டில் பல்தசார் தா கோஸ்தா அடிகள் பண்டாரசாமியாகப் புறப்பட்டு, ஒதுக்கப்பட்டிருந்த எளிய மக்களைத் தேடிச் சென்றார். இப்புதிய முறைக்கு நொபிலி அடிகளார் ஆதரவளித்தார் என்பதை அறிந்து மகிழ்ந்தோம். ஓரியூரில் உயிர்நீத்த புனித அருளானந்தரும் பின்னாளில் பண்டாரசாமியாகவே வாழ்ந்தார்.

முதுமையில் யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். கண்பார்வை மங்கிவிட்டது. தாமே எழுத இயலாத நிலையிலும், பிறரை எழுதச் சொல்லித் தம் நூல்களைத் திருத்தி வந்தார். மயிலாப்பூரிலும் அவர் வாழ்ந்தது ஒரு குடிசையிலேதான். 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், மதுரையை விட்டு வெகுதொலைவில், அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.