செல்வமும் மனச்சான்றும்

செல்வம் படைத்தவரிடம் அரசு பொருளுதவி நாடுவதுண்டு. கொள்கையில் உறைத்து நிற்பவரை அரசு சிறையில் அடைப்பதும் உண்டு. இவ்விரண்டையும் தம் வாழ்நாளில் கண்டவர் பதினேழாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த வில்லியம் கிஃபின். வணிகராகவும் பாப்டிஸ்டு சபைப் போதகராகவும் விளங்கிய அவருடைய வாழ்க்கை, பொருளால் இயல்வது எது, இயலாதது எது என்பதை நமக்குக் காட்டுகிறது.

இளமைப் பருவம்

கிஃபின் 1616ஆம் ஆண்டு பிறந்தார். 1625ஆம் ஆண்டு இலண்டனைச் சூறையாடிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரைக் கொண்டு சென்றது. அந்நோய்க்கு ஆளாகியும் உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுவர், பின்னர் ஒருவரிடம் தொழில் பயில அமர்த்தப்பட்டார். அவ்வாழ்க்கையில் சலிப்புற்ற அவர், 1631இல் ஒரு நாள் எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார். தெருவில் அலைந்தபோது மக்கள் ஓர் ஆலயத்தினுள் செல்வதைக் கண்டு தாமும் உள்ளே நுழைந்தார். பணிபுரிவோர் தம் தலைவருக்கு ஆற்ற வேண்டிய கடமைகளைப் பற்றி அங்கே ஒருவர் உரையாற்றிக்கொண்டிருந்தார். தம் நிலையை அறிந்தே அவர் பேசுவதுபோல் உணர்ந்த கிஃபின், உடனே தொழிலிடத்திற்குத் திரும்பினார். அதன்பின் தம்மைப் போன்ற தொழில் பயிலும் இளைஞர்களுடன் விடியற்காலையில் கூடி, இறைவேண்டலிலும் கலந்துரையாடலிலும் ஈடுபட்டார்.

வணிகரும் போதகரும்

அக்கால இங்கிலாந்தில் அனைவரும் அரசின் திருச்சபையைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் நாட்டு வழக்கம். நம்பிக்கை என்பது ஒருவர் தாமே உணர்ந்து ஏற்பது. ஆதலின் அவ்வாறு ஏற்றவருக்கே திருமுழுக்கு அளித்தல் தகும் என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. இக்கொள்கையை ஏற்ற கிஃபின் இலண்டனில் ஒரு சபையின் போதகரானார். அந்நகரின் ஏழு பாப்டிஸ்டு சபைகள் 1644இல் வெளியிட்ட நம்பிக்கை அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார்.

1643இல் சிறிதளவு சரக்குடன் ஹாலந்து சென்று ஆதாயத்துடன் திரும்பிய அவர், பின்னர்த் திருமறை ஆய்விலேயே காலத்தைச் செலவிட்டார், கைப்பொருள் கரைந்தது. 1645இல் ஓர் இளைஞருடன் கூட்டுச் சேர்ந்து மீண்டும் ஹாலந்து வணிகத்தில் இறங்கினார். இம்முறை செல்வம் பெருகியது. நாளடைவில் இலண்டனின் பெருவணிகர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1656இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் போதகப் பணியை அவர் கைவிடவில்லை.

அரசவையில் ஒலித்த குரல்

1660இல் இரண்டாம் சார்லசு அரியணை ஏறியபின் அரசின் திருச்சபையைச் சாராதோர்மீது அடக்குமுறை பெருகியது. வீட்டாரைத் தவிர ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ தனி வழிபாட்டிற்குக் கூடுவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கிஃபினும் பலமுறை விசாரணைக்கு உள்ளானார். எனினும் அவருடைய செல்வமும் நேர்மையும் அரசவையில் அவருக்கு மதிப்பைத் தந்தன.

அம்மதிப்பை அவர் பிறருக்காகவே பயன்படுத்தினார். அயில்சுபரி என்னும் ஊரில் ஆண்கள் பதின்மர், பெண்கள் இருவர் எனப் பன்னிரண்டு பாப்டிஸ்டுகளுக்கு, தம் கொள்கையைக் கைவிட மறுத்தமைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. செய்தி இலண்டனை எட்டியதும் கிஃபின் அமைச்சர் வாயிலாக மன்னரிடம் முறையிட்டார். தண்டனை நிறுத்தப்பட்டுப் பன்னிருவரும் உயிர் பிழைத்தனர்.

மன்னர் ஒருமுறை அவரிடம் 40,000 பவுண்டு கடன் கேட்டதாகவும், அவர் 10,000 பவுண்டை அன்பளிப்பாகவே அளித்ததாகவும் கூறுவர். திரும்பி வராத கடனைக் கொடுப்பதினும் அன்பளிப்பே மேல் எனக் கணக்கிட்ட வணிகர், தமக்கு 30,000 பவுண்டு மிஞ்சியது எனப் பின்னாளில் நகைத்தாராம்.

பொருள் தோற்ற இடம்

அவ்வாறு கணக்கிட இயலாத துயரம் 1685இல் வந்தது. இரண்டாம் ஜேம்சு மன்னருக்கு எதிராக மான்மத் கோமகன் நடத்திய கிளர்ச்சியில் கிஃபினின் மகள்வயிற்றுப் பேரர்களான பெஞ்சமின், வில்லியம் ஹியூலிங் என்னும் இளைஞர் இருவர் பங்கேற்றுச் சிறைப்பட்டனர். அவர்களை மீட்க 3,000 பவுண்டு அளிக்க முன்வந்தார் பாட்டனார். அவர்களுடைய தமக்கை ஹன்னா மன்னரிடம் நேரில் மன்றாடினார். இரண்டும் பயன் தரவில்லை. செப்டம்பர் மாதத்தில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அரசின் திருச்சபையைச் சாராதோரின் ஆதரவை நாடிய அதே மன்னர், கிஃபினை அழைத்து இலண்டன் மாநகர ஆட்சிக்குழுவில் உயர்பதவி அளித்தார. எழுபது வயதைக் கடந்திருந்த முதியவர் தம் தளர்ச்சியை எடுத்துரைத்தார். பேரர்களின் சாவு நெஞ்சில் ஏற்படுத்திய புண் இன்னும் ஆறவில்லை என்றும் கூறினார். அதற்கு மருந்து தருவதாக மன்னர் கூறியும் அவர் மனம் மகிழவில்லை. மறுத்தால் பெருந்தண்டம் விதிக்கப்படலாம் என்னும் நிலையில், வாரக்கணக்கில் காலந்தாழ்த்தியே அப்பதவியை ஏற்றார்; ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் அதனின்று விடுபட்டார்.

நிறைவு

பிரான்சு நாட்டில் சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி வெளியேறிய ஒரு குடும்பத்திற்கு இருப்பிடம் அளித்து, அவர்களுடைய செலவுகளையும் கிஃபின் ஏற்றார். 1689இல் இயற்றப்பட்ட சமயப் பொறைச் சட்டம், அவருடைய சபை அச்சமின்றிக் கூடி வழிபட வழிவகுத்தது. தம் வழித்தோன்றல்களுக்காக வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்த அவர், 1701 டிசம்பரில் மறைந்தார். இலண்டன் பன்ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பன்னிருவர் உயிரைக் காக்கத் துணைநின்ற செல்வாக்கு, சொந்தப் பேரர்கள் இருவரைக் காக்கவில்லை. அதன்பின்னும் அவர் பிறருக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. இழப்பிற்கு ஈடாக வந்த பதவியைக் கண்டு மயங்கவும் இல்லை. அவர் ஈட்டிய பொருளைவிட அவருடைய இவ்வுறுதியே வரலாற்றில் நிலைத்து நிற்கிறது.