கடலுக்குக் காது வைத்தவர்

ஆண்டு மலர் என்றாலே எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் என்று ஒரு வரிசை இருக்கும். அவர்களைப் பற்றி நமக்குத் தெரியாததா? இந்தத் தடவை நான் வேறு ஒருத்தரை அழைத்து வந்திருக்கிறேன். பெயர் மாரிஸ் யூயிங். அமெரிக்கர். புவி இயற்பியல் உலகத்தில் பெரிய பெயர். நம்ம டிப்ளமோ புத்தகங்களில் மட்டும் நான் பார்த்ததில்லை.

நடுக்கடலில் திமிங்கிலம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கரையில் உட்கார்ந்தபடியே இன்று சொல்கிறார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் இவர் முக்கியமானவர். இத்தனைக்கும் மனிதர் திமிங்கிலத்தைத் தேடிப் போனவரே இல்லை! அதுதான் இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயம்.

எளிய வீட்டுப் பிள்ளை

1906 மே 12-ஆம் தேதி டெக்சாஸ் மாநிலத்தில் லாக்னி என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியில்லாத, பிள்ளைகள் நிறைந்த குடும்பம். 16 வயதில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஹூஸ்டன் ரைஸ் கல்லூரிக்குப் போனார். செலவுக்குப் பணம் வேண்டுமே? ராத்திரியெல்லாம் மருந்துக் கடையில் வேலை, பகலில் வகுப்பு. அந்தக் களைப்பிலும் கண் சும்மா இருக்கவில்லை. புல்வெளிப் பனித்துளியில் நிலா வெளிச்சம் போடும் வில்லைக் கவனித்து, அதை 1926-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதுதான் அவருடைய முதல் கட்டுரை. 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்புறம் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. வெடி வைத்து, அந்த அதிர்வு திரும்பி வரும் நேரத்தை அளந்து, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் அவருடைய வித்தை. 1935-ல் அதைக் கடலுக்குக் கொண்டு போனார். கடலடியில் வைக்கிற கருவி கடையில் கிடைக்குமா? மாணவர்களோடு சேர்ந்து தானே செய்தார். கெட்டுப் போனால் தானே பிரித்து மாட்டினார். நம்ம வொர்க் ஷாப் பசங்களுக்கு இவரை நிச்சயம் பிடிக்கும்.

கடலுக்குள் ஒரு கால்வாய்

இரண்டாம் உலகப் போர் நேரம். யூயிங் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்துக்கு வந்து, கடலில் ஒலி எப்படிப் பயணிக்கிறது என்று ஆராய்ந்தார். இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஆழம் போகப் போக நீர் குளிர்கிறது, ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் கீழே போனால் குளிர் அவ்வளவாக மாறாது, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வேகம் மறுபடி கூடுகிறது. ஆக, நடுவில் ஓர் இடத்தில் வேகம் மிகக் குறைவு. பல கடல்களில் அது சுமார் 1,000 மீட்டர் ஆழம். ஒலிக்கு ஒரு குணம் உண்டு: வேகம் குறைந்த பக்கமாக வளையும். மேலே போனாலும் கீழே வளைக்கப்படும், கீழே போனாலும் மேலே வளைக்கப்படும். தரையிலும் மோதாமல், மேற்பரப்பிலும் மோதாமல், வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படி ஒரு கால்வாய் இருந்தாக வேண்டும் என்று யூயிங் கணக்கில் கண்டார். 1944-ல் பஹாமாஸ் தீவுகள் அருகே சோதித்தார். ஒரு கப்பலில் இருந்து ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக், ஆழத்தில் தொங்கியது. இன்னொரு கப்பல் தூரப் போய் நாலு பவுண்டு வெடியைப் போட்டது. எவ்வளவு தூரம்? 900 கடல் மைல்! இரண்டு கிலோகூட இல்லாத வெடி, சுமார் 1,650 கிலோமீட்டர் தாண்டிக் கேட்டது. சத்தம் மெல்ல ஆரம்பித்து, வலுத்துக்கொண்டே போய், உச்சத்தில் டக்கென்று நின்றது. கால்வாயின் நடுவே நேராக வரும் ஒலிதான் வலுவானது, ஆனால் மெதுவானது. அதனால் அது கடைசியில் வந்து சேர்கிறது. நேர்வழியில் வந்தவன் கடைசியில் வருகிறான், பார்த்தீர்களா!

அதற்கு சோஃபார் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்ய விஞ்ஞானி பிரெகோவ்ஸ்கிக் 1946-ல் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். யூயிங்கின் எண்ணம் கடலில் விழுந்த விமானியைக் காப்பாற்றுவது. அவன் ஒரு சிறு வெடியைப் போட்டால் போதும். மூன்று கரை நிலையங்களுக்கு அந்தச் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கண்டுவிடலாம். ஒரு நிலையத்துக்கு 10 நொடி முந்தி வந்தால் அவன் 15 கிலோமீட்டர் அந்தப் பக்கம் நெருங்கி இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு.

அலை அடித்துப் போன நாள்

போர் முடிந்ததும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கீழ் 1949-ல் லாமாண்ட் ஆய்வகத்தைத் தொடங்கினார். வீமா என்ற பாய்மரக் கப்பலில் உலகம் சுற்றினார். 1954 ஜனவரியில் புயலில் நாலு பேரை அலை வாரிக்கொண்டு போனது. யூயிங், அவர் தம்பி ஜான், கப்பல் அதிகாரிகள் இரண்டு பேர். மூன்று பேர் மீண்டார்கள், ஓர் அதிகாரி மீளவே இல்லை. யூயிங்குக்குக் கழுத்தில் அடி. அதன் பிறகு கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். கடலில் தொலைந்தவனைத் தேட வழி கண்டவரே கடலில் தொலைந்து மீண்டார். ஆனாலும் கப்பலை விடவில்லை.

1960-ல் வீமாவும் ஒரு ஆஸ்திரேலியக் கப்பலும் பெர்த் அருகே வெடி போட, 3 மணி 40 நிமிடத்துக்கு மேல் கழித்து அது பெர்முடா அருகே கேட்டது. பாதி உலகத்தைச் சுற்றி, சுமார் 20,000 கிலோமீட்டர்!

எதிரியா? திமிங்கிலமா?

அதே கால்வாயில் அமெரிக்கக் கடற்படை 1950-களில் ரகசியமாகக் காது வைத்தது. சோசஸ் என்று பெயர். வேலை சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிப்பது. அதில் 20 ஹெர்ட்ஸில் விசித்திரமான துடிப்பு மணிக்கணக்காக வந்தது. ஆம்ப்ளிஃபயரில் எர்த் சரியில்லாவிட்டால் வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைவிடத் தாழ்ந்த சத்தம். எதிரியின் கருவியோ என்று சந்தேகம். 1964-ல் ஷெவில், வாட்கின்ஸ், பாக்கஸ் மூவரும் அது ஃபின் திமிங்கிலத்தின் குரல் என்று எழுதினார்கள்.

யூயிங் 1974 மே 4-ல் காலமானார். கடற்படையின் காது உயிரியல் விஞ்ஞானிகளுக்குத் திறந்தது 1990-களில், பனிப்போர் முடிந்த பிறகு. அப்போது அட்லாண்டிக்கில் ஒரே ஒரு நீலத் திமிங்கிலத்தை 43 நாள் குரலை வைத்தே பின்தொடர்ந்தார்கள். விமானியைத் தேட யூயிங் சொன்ன அதே நேர வித்தியாசக் கணக்குதான்!

இதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். 20-ஆம் நூற்றாண்டில் தென் கடல்களில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றுவிட்டார்கள். மிச்சம் எத்தனை, எங்கே? மூச்சு விட மேலே வரும் சில நொடியில் கண்ணால் பார்த்து எண்ணுவது நடக்கிற காரியமா? ராத்திரியிலும் புயலிலும் எண்ணக்கூடியது காதுதான். நம்ம பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை திரிகோணமலைக் கடலில் 1980-களில் பதிவான நீலத் திமிங்கிலப் பாட்டு தனி வகை. டியகோ கார்சியா அருகே அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க வைத்த ஹைட்ரோபோன்களின் பழைய பதிவுகளைப் புரட்டி, 2021-ல் இன்னொரு புதுப் பாட்டைக் கண்டார்கள். அதுவரை யாரும் அறியாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டமாக அது இருக்கலாம் என்று எழுதினார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க எனக்கு மனமில்லை. யூயிங் கடலில் போட்ட வெடிகள் திமிங்கிலத்தின் காதிலும் விழுந்திருக்கும். இன்று சரக்குக் கப்பல்களின் இரைச்சலும், எண்ணெய் தேடும் ஏர்கன் வெடிகளும் அதே தாழ்ந்த அலைவரிசையை நிரப்புகின்றன. நாம் கேட்கக் கற்றுக்கொண்ட அதே காலத்தில் அவற்றின் பேச்சை நாமே அமுக்குகிறோம். கேட்கத் தெரிந்தவனுக்குச் சத்தத்தைக் குறைக்கும் கடமையும் உண்டு. நாளைக்கு நம்மில் மெக்கானிக்கல் முடித்த ஒருவர் கப்பல் புரொப்பல்லர் செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ் முடித்த ஒருவர் ஹைட்ரோபோன் செய்யலாம். இரண்டு பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

யூயிங்கின் கப்பலில் ஒரு வழக்கம். நாள்தோறும் கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கே குழாய் இறக்கிக் கடலடி மண்ணை எடுப்பார்கள். இன்றைக்கு என்ன பயன் என்று யாரும் கேட்கக் கூடாது. எடுத்து, எண் போட்டு, பத்திரப்படுத்த வேண்டும். அணுகுண்டைக் கேட்க எடுத்த பதிவில் திமிங்கிலம் கிடைத்ததும் இதே பாடம்தான். ஆகவே நண்பர்களே, ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்சு ரீடிங்கைப் பார்த்து எழுதாமல், நம்ம மீட்டரில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுவோம். எந்த எண் யாருக்கு, எப்போது உதவும் என்று யார் கண்டார்கள்!