கட்டிலிலே ஊழியம் செய்த அம்மாள்



நம்ம சபையில் படுக்கையாய்க் கிடக்கிற ஒரு தாயார் வீட்டுக்குப் போன மாசம் ஜெபிக்கப் போனேன். தனக்கு விசுவாசம் பத்தலையோ என்று கேட்டு அழுதார்கள். சுகமாகாதவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று புல்பிட்டில் நின்று பேசினவன் நான்தானே! அதனால்தான் இந்த மாதம் எமி கார்மைக்கேல் அம்மாளைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மாள் 1867-ல் வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார்கள். நீலக் கண் கேட்டு ஜெபித்த கதை சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். 1890 முதல் இங்கிலாந்தின் வடமேற்கில் பிராட்டன் என்ற சிற்றூரில், கெஸ்விக் கன்வென்ஷனைத் தொடங்கினவர்களில் ஒருவரான ராபர்ட் வில்சன் என்ற முதியவர் வீட்டில் மகளைப்போல வாழ்ந்தார்கள். கெஸ்விக் பக்கம் மலை, ஏரி, மரமில்லாத புல்மேடு, அடிக்கடி மழை. நம்ம குற்றாலத்துச் சீசன் சாரல் வருஷம் பூரா அடித்தால் எப்படி, அப்படி. குளிர்தான் ரொம்ப ஜாஸ்தி.

அந்த ஊரையும் அந்தப் பெரியவரையும் விட்டுவிட்டு 1893-ல் ஜப்பானுக்குப் போனார்கள். சுகவீனப்பட்டுத் திரும்பி, 1895-ல் இந்தியா வந்தார்கள். அப்புறம் 55 வருஷம் ஒரு தரம்கூட ஊருக்குப் போகவில்லை. 1905-ல் வில்சன் இறந்தபோதும் இங்கேதான் இருந்தார்கள்.

1901-ல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்ட ஒரு சிறுமி தப்பியோடிப் பண்ணைவிளையில் அம்மாளிடம் வந்து சேர்ந்தாள். அந்த வருஷமே டோனாவூருக்குக் குடிபோனார்கள். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம், களக்காடு வழியாகத் தெற்கே போனால், நம்ம மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் அந்தக் கிராமம். ரேனியஸ் ஐயர் காலத்தில், ஜெர்மானிய டோனா பிரபு கொடுத்த காணிக்கையில் உண்டான ஊர். நம்ம பக்கம்போல் சாரல் கிடையாது, வெயில்தான். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானார்கள். பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947-லேதான்.

மலை என்றால் அம்மாளுக்கு உயிர். 1917-ல் மேலே காட்டுக்குள் ஒரு இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளோடு ஏறிப்போவார்கள்.

1931 அக்டோபர் 24 காலையில், உமக்கு இன்னும் நன்றாய் ஊழியம் செய்ய என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்கிற கருத்தில் ஜெபித்தார்கள். அன்று சாயங்காலம் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. முழு சுகம் வரவில்லை. ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறை. 1948-ல் மறுபடியும் விழுந்தார்கள்.

விசுவாசக் குறைவா? அநாதைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மனுஷரிடம் கை நீட்டாமல் தேவனிடம் மட்டும் கேட்ட கைகள் அவை. இதை எழுதும்போது என் வாய் அடைத்துப்போகிறது.

1933-ல் கட்டிலிலிருந்தே 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகத்தை வியாதியஸ்தருக்கென்று எழுதினார்கள். சுகமாயிருக்கிறவர்கள் எழுதின ஆறுதல் புத்தகங்கள் வலியில் கிடக்கிற தனக்கு உதவவில்லை என்று அதில் மறைக்காமல் சொல்லுகிறார்கள். நான் எத்தனை கட்டிலண்டை நின்று பிரசங்கம் செய்திருக்கிறேன்!

1951 ஜனவரி 18-ல் நித்திரையடைந்தார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், மரத்தடியில் பறவைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி ஒன்று வைத்து, பிள்ளைகள் கூப்பிட்ட பேரை அதில் பொறித்தார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் அந்தத் தாயார் வீட்டில். எண்ணெய் பூசி சுகத்துக்காக ஜெபிப்போம், அதை விடப்போவதில்லை. அதற்கு முன்னாலே அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.