சிரிக்காத சித்தப்பா

குதிச்சுக் குதிச்சு வரும் சீனப் பேயை ஏதாவது ஒரு மீம்லயாவது நீங்க பார்த்திருப்பீங்க. கை ரெண்டும் நேரா நீட்டி, பழைய சிங் அரசு அதிகாரி உடுப்பு, நெத்தியில மஞ்சள் காகிதம். சினிமாவில் அந்தக் காகிதத்தை ஒட்டியவர்தான் லாம் சிங்-யிங்.

1952-ல் ஹாங்காங்கில் பிறந்தார். சின்ன வயசிலேயே சீன நாடகப் பள்ளி. குட்டிக்கரணம், வாள் வீச்சு எல்லாம் அங்கே கற்றதுதான். அப்புறம் சினிமாவில் ஸ்டன்ட் வேலை. ஒல்லியான உடம்பு என்பதால் நடிகைகளுக்கும் டூப் போட்டார். 1971-ல் 'தி பிக் பாஸ்' படத்தில் புரூஸ் லீயோடு சேர்ந்தார், அவர் இறக்கும்வரை கூடவே இருந்தார். பிறகு சாமோ ஹங்கின் ஸ்டன்ட் குழு. 1981-ல் வந்த 'தி ப்ராடிகல் சன்' படத்தில் பெண் வேஷம் கட்டும் நாடகக் கலைஞராக வருவார், ஆஸ்துமா வேற. என்னைக் கேட்டா அவரோட பெஸ்ட் அதுதான். ஆனா யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

காரணம், 1985-ல் ரிக்கி லாவ் இயக்கிய 'மிஸ்டர் வேம்பையர்'. தயாரிப்பு சாமோ ஹங். பேய் ஓட்டும் தாவோ பூசாரியாக, ஒட்டிய புருவத்தோடு லாம். கூட ரெண்டு உருப்படாத சிஷ்யனுங்க. மூச்சை அடக்கினா பேய்க்கு உங்களைத் தெரியாது. பேய் விஷத்தை முறிக்க ஒட்டும் அரிசி வேணும். கடைக்காரன் அதிலும் சாதா அரிசியைக் கலந்துடுவான்! சுத்தி இவ்வளவு கூத்து நடக்க, லாம் மட்டும் சிரிக்கவே மாட்டார். பூசாரி வேலையை அவர் சீரியஸா செய்றதாலதான் நாம சிரிக்கிறோம், அதே நேரம் பயப்படவும் செய்றோம்.

அப்போ வயசு 32 தான். ஆனா ஊரே அவரை 'ஒன்பதாவது சித்தப்பா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சது, படத்தில் அவருக்கு அந்தப் பேர். அதுக்கப்புறம் பெரும்பாலும் அதே வேஷம்தான் வந்தது. 1989-ல் அவரே இயக்கிய 'வேம்பையர் வெர்சஸ் வேம்பையர்' படத்திலும் பூசாரி. 1990-ல் 'மேஜிக் காப்'பில் போலீஸ் ஆனார். அங்கேயும் மந்திரம்தான்! மக்களுக்குப் பேய்ப் படம் சலிச்சுப்போன பிறகு, டிவி தொடரிலும் அதே வேஷம்.

1997 நவம்பரில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயசு 44.

2013-ல் 'ரிகர் மார்ட்டிஸ்' என்று ஒரு படம் வந்தது. பழைய சிஷ்யன் சின் சியு-ஹோ அதில் வாய்ப்பில்லாத பேய்ப்பட நடிகராக வருவார். படத்தை லாமுக்கும் அர்ப்பணித்திருந்தார்கள். பேய் அதேதான், ஆனா காமெடி கிடையாது.