முதற்பயணி அன்னி மூர்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவியின் சிலைக்கு அண்மையில், எல்லிஸ் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1892ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை, பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்த ஏழை எளியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இத்தீவின் வழியாகவே உள்ளே சென்றனர். அத்தனை பேரிலும் முதன்முதலாக அவ்வாசலைக் கடந்து, பதிவேட்டில் முதற்பெயராக எழுதப்பட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சீமானும் அல்லர், சீமாட்டியும் அல்லர். அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து இரண்டு தம்பியரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் ஏழைப் பெண். அவள் பெயர் அன்னி மூர். வயது 17.

அன்னியின் வரலாற்றைத்தான் நாம் இங்கே கூறப் புகுகிறோம். அவ்வரலாறு எப்படித் தொலைந்தது, நூறாண்டு கடந்தபின் பழைய ஏடுகளிலிருந்து எப்படி மீட்டெடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கூறவேண்டியிருக்கிறது.

அன்னி 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பிறந்தாள். தந்தை மாத்யூ, தாய் ஜூலியா. கார்க் அயர்லாந்தின் தென்கோடியிலுள்ள துறைமுக நகரம். (காணிக்கை அன்னை சபையை நேனோ நேகிள் அம்மையார் 1775இல் தொடங்கியதும் இந்நகரில்தான். அச்சபையின் அருட்சகோதரிகள் 1842இல் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கியதை நம்மில் பலர் அறிவோம்.) அன்னி பிறப்பதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் ஒன்று சூறையாடியிருந்தது. ஏழைகளின் ஒரே உணவு உருளைக்கிழங்கு. 1845இல் அச்செடிகளைப் பற்றிய நோய் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சலை அழித்தது. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் நீங்கிய பிறகும் கப்பலேறும் வழக்கம் நீங்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் முன்னே போவதும், அங்கே சம்பாதித்து மற்றவர்களுக்குப் பயணச்சீட்டு அனுப்புவதும் தலைமுறை தலைமுறையாக நடந்தன. 1848க்கும் 1950க்கும் இடையே, கார்க்கை அடுத்த குவீன்ஸ்டவுன் துறையிலிருந்து மட்டும் 25 லட்சம் பேர் நாட்டை விட்டகன்றனர் என்பர். அத்துறையின் இன்றைய பெயர் கோவ்.

அந்நாளில் ஐரிஷ் சிற்றூர்களில் நெஞ்சை உருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படும் முந்திய இரவு, சாவு வீட்டில் விழித்திருப்பதுபோல் உறவினரும் அண்டை அயலாரும் கூடி விடியுமட்டும் விழித்திருப்பார்கள். பாட்டும் இருக்கும், அழுகையும் இருக்கும். போகிறவரை மீண்டும் உயிருடன் பார்ப்பது அரிது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

அன்னியின் பெற்றோரும் சில ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் போய்விட்டனர். மன்ரோ தெருவில் 32ஆம் எண் வீட்டில் அவர்கள் குடியிருந்தனர். அன்னியும், அந்தோணி, ஃபிலிப் என்ற தம்பியர் இருவரும் பிற்பாடு வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வண்ணமே 1891ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் குவீன்ஸ்டவுனில் 'நெவாடா' என்னும் நீராவிக் கப்பலில் மூவரும் ஏறினர். அந்தோணிக்கு வயது 15, ஃபிலிப்புக்கு 12. கப்பலின் கீழ்த்தளத்தில், காற்றோட்டம் குறைந்த இடத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ஏழைப் பயணிகளோடு பயணம். கிறிஸ்து பிறப்பு விழாவும் நடுக்கடலில்தான் கழிந்தது. தாயும் தந்தையும் அக்கரையில், பிறந்த மண் இக்கரையில், பொறுப்பெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்!

டிசம்பர் 31ஆம் நாள் மாலை கப்பல் நியூயார்க்கை அடைந்தது. மறுநாள் 1892 ஜனவரி முதல் நாள். எல்லிஸ் தீவில் மரத்தால் புதிதாகக் கட்டப்பட்ட குடியேற்ற நிலையம் அன்றுதான் திறக்கப்பட இருந்தது. பயணிகளைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்தனர். முதலில் இறங்கியவள் அன்னி. நிலையத்தின் தலைவர் கர்னல் ஜான் வெபர் அவளை வரவேற்று, 10 டாலர் பொற்காசு ஒன்றைப் பரிசாக அளித்தார். மறுநாள் நாளிதழ்கள் அவளுடைய சிவந்த கன்னங்களையும் அந்தப் பொற்காசையும் பற்றி மகிழ்ந்து எழுதின. அன்று அவளுக்கு 15ஆம் பிறந்த நாள் என்றும் எழுதின. இது சரியன்று. அவள் பிறந்தது ஏப்ரலில் என்பதை மேலே கண்டோம், வயதும் 17. கப்பலின் பயணிகள் பட்டியலிலும் அவள் வயது குறைத்தே எழுதப்பட்டிருந்தது. ஏட்டில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது, ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு ஒத்துப்பார்த்தே உண்மை காணவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது.

பெற்றோரோடு சேர்ந்த அன்றே அன்னியின் பெயர் செய்தித்தாள்களிலிருந்து மறைந்தது. அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து எல்லிஸ் தீவின் வரலாற்றைப் போற்றத் தொடங்கியபோது, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தார், தங்கள் முன்னோரான அன்னி மூர்தான் அந்தப் பெண் என்று கூறினர். அந்த அம்மையார் மேற்கே சென்று, ஐரிஷ் மக்களின் பெருந்தலைவர் டேனியல் ஓ'கானலின் வழிவந்த ஒருவரை மணந்து, ஃபோர்ட் வொர்த் அருகே டிராம் வண்டி மோதி இறந்தவர். குடும்பத்தார் கூறியதில் வஞ்சகம் ஏதுமில்லை. அவர்கள் அதை உண்மையென்றே நம்பினர். விழாக்களுக்கு அழைக்கப்பட்டனர், சிறப்பிக்கப்பட்டனர். 1993இல் அன்னிக்குக் கோவ் துறைமுகத்தில் ஒரு சிலையும் எல்லிஸ் தீவில் ஒரு சிலையும் எழுந்தன. இரண்டையும் வடித்தவர் ஜீன் ரைன்ஹார்ட் என்ற பெண் சிற்பி. பரந்த மேற்கு நிலம், புகழ்பெற்ற குடும்பத்தில் மணம், திடீர் மரணம் என்று கதை கேட்பதற்குச் சுவையாக இருந்தது. அதனாலேயே யாரும் அதைத் துருவிப் பார்க்கவில்லை என்பது நம் எண்ணம்.

துருவிப் பார்த்தவர் மேகன் ஸ்மோலின்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர். 2002ஆம் ஆண்டு, குடியேறிகளைப் பற்றிய ஒரு படத்துக்காகப் பழைய ஆவணங்களைப் பார்த்தபோது, டெக்சாஸ் அன்னி அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று மக்கள்தொகைக் கணக்கேடுகளில் கண்டார். இல்லினாயில் பிறந்தவர் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருக்க முடியுமா? ஆக, நாடு கொண்டாடிய அன்னி வேறு. கப்பலில் வந்த அன்னி வேறு. அப்படியானால் உண்மை அன்னி எங்கே?

தேடுவது எளிதாக இருக்கவில்லை. அன்னி என்பதும் மூர் என்பதும் ஐரிஷ் மக்களிடையே மிகப் பரவலான பெயர்கள். பெண்கள் மணமானதும் கணவரின் குடும்பப் பெயரைப் பெற்றுவிடுவதால், அதோடு பாதையும் அறுந்துபோகும். 2006ஆம் ஆண்டு ஸ்மோலின்யாக், உண்மை அன்னியைப் பற்றித் துப்புத் தருவோருக்கு 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணக் காப்பகத்தின் ஆணையர் பிரையன் ஆண்டர்சனும் தேடலில் இறங்கினார். அவர்களுக்கு வழிகாட்டியது அன்னியின் பெயரன்று, தம்பி ஃபிலிப்பின் பெயர். ஆண்பிள்ளையின் குடும்பப் பெயர் மாறுவதில்லை அல்லவா? ஃபிலிப் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சான்றிதழ் கிடைத்தது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவருடைய வீடும் மகளும் கிடைத்தனர். அந்த மகளின் இறப்புப் பதிவிலிருந்து வாழும் உறவினர் கிடைத்தனர். சில வாரங்களில் முடிச்சு அவிழ்ந்தது.

அப்போது வெளிப்பட்ட வாழ்க்கையில் பரந்த மேற்கு நிலம் இல்லை. அன்னி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவே இல்லை. கீழ்க்கிழக்குப் பகுதியின் சில தெருக்களுக்குள்ளேயே அவர் வாழ்ந்து முடித்தார். ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனையாளராக இருந்த ஜோசப் ஷேயர் என்பவரை மணந்தார். அவர் ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெற்றோரின் மகன். இருவருக்கும் 11 குழந்தைகள் பிறந்தன. அவற்றுள் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஐவரே. மற்ற ஆறும் மூன்று வயது நிரம்புமுன்னே இறந்துபோயின. ஓர் அறையில் பலர் நெருக்கியடித்து வாழ்ந்த அக்காலத்து அடுக்கு வீடுகளில், கோடையிலும் குளிரிலும் குழந்தைகள் இப்படி மடிவது அன்றாடச் செய்தி. ஆறு முறை சிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று திரும்பிய ஒரு தாயின் மனத்தை எந்தப் பதிவேடும் எழுதி வைப்பதில்லை. இறப்புப் பதிவில் பெயர், வயது, நோய், தெரு இவ்வளவே இருக்கும்.

1924ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அன்னி இதய நோயால் காலமானார். வயது 50. கடைசியாகக் குடியிருந்தது செர்ரி தெருவில். கார்க்கிலிருந்து வந்து இறங்கிய நாளில் பெற்றோர் வாழ்ந்த மன்ரோ தெருவும் இதுவும் அடுத்தடுத்த தெருக்கள்! குவீன்ஸ் பகுதியிலுள்ள கல்வாரி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல் நாட்ட வசதியில்லை. 80 ஆண்டுகளுக்கு மேல் அவ்விடத்தில் பெயரே இல்லை. கடலின் இரு கரைகளிலும் அவருக்குச் சிலை நின்றுகொண்டிருந்த காலத்திலும், கல்லறையில் ஒரு கல்கூட இல்லை.

இத்தகைய தேடல்களுக்கு உதவும் ஏடுகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அயர்லாந்தின் ஏடுகள் பெரும் இழப்புக்கு ஆளானவை. 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் 'நான்கு நீதிமன்றங்கள்' என்னும் கட்டடத்தை அடுத்திருந்த பொது ஆவணக் காப்பகம் தீயிலும் வெடிவிபத்திலும் அழிந்தது. பல நூற்றாண்டுகளின் காகிதங்கள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861, 1871ஆம் ஆண்டுகளின் ஏடுகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. முழுமையாக எஞ்சியவற்றுள் பழமையானவை 1901, 1911ஆம் ஆண்டுக் கணக்குகளே. எல்லிஸ் தீவின் மரக் கட்டடமும் 1897 ஜூன் 15ஆம் நாள் எரிந்துபோயிற்று. ஆனால் சுங்கத் துறையாரிடம் இருந்த கப்பல் பட்டியல்கள் தப்பின. அன்னியின் பெயர் இன்றும் படிக்கக் கிடைப்பது அதனால்தான். எல்லிஸ் தீவு அதிகாரிகள் வந்தவர்களின் பெயர்களை விருப்பம்போல் மாற்றி எழுதினார்கள் என்றொரு பேச்சு உண்டு. அது ஆதாரமற்றது. கப்பல் புறப்பட்ட இடத்திலேயே எழுதப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டுதான் அவர்கள் சரிபார்த்தனர்.

அயர்லாந்தில் தப்பிய ஏடுகளுள் மிகவும் பயன்படுபவை கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். டப்ளினுக்கு அனுப்பாமல் அந்தந்தக் கோயிலின் அலமாரியிலேயே அவை கிடந்ததால் தீயிலிருந்து பிழைத்தன. பல ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை; பங்குத் தந்தையரின் கையெழுத்தும் எல்லா நேரமும் தெளிவாயிராது! ஆனாலும் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் இவையெல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். தாயின் பிறந்தகப் பெயர் இருப்பதால், பெண் வழியில் அறுந்துபோகும் இழையை அங்கே பிடித்துவிடலாம். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் மாமனோ அத்தையோ ஆக இருப்பதால் அடுத்த இழையும் கைக்கு வரும். நம் பங்குகளிலும் இத்தகைய ஏடுகள் உண்டு. புரட்டிப் பார்த்தவர்கள் சிலரே. ஐரிஷ் தேசிய நூலகம் அந்நாட்டுப் பங்கு ஏடுகளைப் படமெடுத்து, 2015ஆம் ஆண்டு இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் அவற்றைப் பார்த்துத் தங்கள் பாட்டியின் பாட்டி எந்த ஊர், எந்தக் கோயில் என்று கண்டுகொள்கின்றனர்.

2006ஆம் ஆண்டு உண்மை அன்னியின் வழிவந்தோர் நியூயார்க்கில் ஒன்றுகூடினர். ஐரிஷ் பெயர், யூதப் பெயர், இத்தாலியப் பெயர், ஸ்காண்டிநேவியப் பெயர் என்று பலவகைக் குடும்பப் பெயர்கள் அவர்களுக்கு. தங்கள் குடும்பத்து மூதாட்டிதான் சிலையாக நிற்கும் அந்தப் பெண் என்பதை நாடு அன்றுதான் ஏற்றுக்கொண்டது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் கல்வாரி தோட்டத்தில் அன்னியின் கல்லறை மேல் கெல்டிக் சிலுவை ஒன்றை நாட்டினர். அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியது அது. அன்னி பிறந்த நாட்டின் கல், கடல் கடந்து, அவர் பெயரோடு அங்கே நிற்கிறது.