மழலையரின் தோழி மரியா மாண்டிசோரி

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. ஆனால் ஐந்தை வளைக்கப் பிரம்பு வேண்டும் என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. பிரம்பை நாமாகவே சேர்த்துக்கொண்டோம். பிரம்பும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம், குழந்தையின் கைக்கு ஏற்ற வேலையும் அதைச் செய்து முடிக்க அமைதியும் கொடுத்தால் போதும் என்று உலகுக்குக் காட்டியவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியில் பிறந்த அவர் நமது தமிழ் மண்ணில் அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் வாழ்ந்து குழந்தைகளுக்காக உழைத்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். ஆகவே அவரது வரலாற்றைத் தோழியருக்குச் சொல்ல விழைகிறோம்.

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்கள் படிப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் எதற்கு என்று எல்லோரும் எண்ணிய காலம் அது. மரியாவோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தைக்கு மனமில்லை, தாயே துணைநின்றார். ஆண் மாணவர்களோடு ஒரே அறையில் நின்று பெண் ஒருத்தி பிணத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கூறி, எல்லோரும் வீடு திரும்பிய பின் அவரைத் தனியே அந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள். ஆளரவமற்ற கூடத்தில் சடலங்களுக்கு நடுவே இளம்பெண் ஒருத்தி தனித்து நின்று பயின்றதை நினைத்தாலே நமக்கு உடல் சிலிர்க்கிறது. 1896-ஆம் ஆண்டு அவர் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்யும் பணி அவரைத் தேடி வந்தது. அந்நாளில் அத்தகைய பிள்ளைகளைப் பைத்தியக்கார விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, கையால் தொட்டுச் செய்யும் பயிற்சியும்தான் என்று மரியா உணர்ந்தார். அவர் பயிற்றுவித்த பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுத் தேர்வும் எழுதியபோது ஊரார் வியந்தனர். மரியாவின் வியப்போ வேறு. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் ஏன் பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்று அவர் சிந்தித்தார்.

அதற்கு விடை 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிறந்தது. ரோமில் சான் லொரன்சோ என்பது ஏழைகள் வாழும் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும் சிறு பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடியும் சுவர்களில் கிறுக்கியும் திரிந்தனர். சுவர்களைக் காப்பாற்ற எண்ணிய கட்டட நிறுவனத்தார் அப்பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி மரியாவிடம் ஒப்படைத்தனர். ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள். ஆசிரியைப் பயிற்சியே பெறாத ஓர் இளம்பெண் உதவியாளர். இதுவே குழந்தைகள் இல்லம் என்று பெயர் பெற்ற முதல் மாண்டிசோரிப் பள்ளி.

அங்கே நடந்தவை கதைபோல் இருக்கும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கட்டையிலுள்ள குழிகளில் மர உருளைகளை அளவு பார்த்துப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொல்லியும் அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும் உருளைகளை மடியில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். குழந்தைக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வது சரியன்று என்பதை மரியா அன்று கண்டுகொண்டார். இன்னொரு நாள் அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துபோனார். அவர் வருமுன்பே பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய பொருள்களைத் தாங்களே எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டனர். அதைத் திருட்டு என்றார் ஆசிரியை. விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு என்றார் மரியா. அதன்பின் பூட்டிய உயர்ந்த அலமாரிகளுக்குப் பதிலாகக் குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த தாழ்ந்த அலமாரிகள் வந்தன.

எழுத்துப் பயிற்சியும் புதுமையானதே. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தைகள் அவற்றை விரலால் தடவி ஒலியைச் சொல்லச் செய்தார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை இங்கு நம் நினைவுக்கு வரும். சில மாதங்கள் சென்றன. குளிர்கால வெயிலில் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தபோது, புகைபோக்கியைச் சாக்கட்டியால் வரையும்படி ஒரு சிறுவனிடம் மரியா சொன்னார். வரைந்து முடித்த சிறுவன் திடீரென்று தரையில் சொற்களை எழுதத் தொடங்கி, எழுத வந்துவிட்டது என்று ஆனந்தக் கூச்சலிட்டான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து எழுதினர். யாரும் அவர்களைக் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

1908-ஆம் ஆண்டு டிசம்பரில் மெசினா நகரைப் பூகம்பம் அழித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் ரோமில் மரியின் பிரான்சிஸ்கன் மிஷனரி சபைக் கன்னியர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். பேச்சின்றி, உணவில் நாட்டமின்றி இருந்த அவர்களுக்கும் இதே முறையில் வகுப்பு நடந்தது. மேசையை ஒழுங்குபடுத்துதல், பூக்களை அடுக்குதல், ஒருவருக்கொருவர் பரிமாறுதல் போன்ற சிறு சிறு வேலைகளே அவர்களுக்குச் சிரிப்பை மீட்டுத் தந்தன.

உலகத்துப் பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கிய அவருக்குத் தம் ஒரே மகன் மாரியோவை அருகில் வைத்து வளர்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் மணம் புரியாத நிலையில் பிறந்த அம்மகன், அக்காலச் சமூகத்தின் கடுமை காரணமாக நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். வளர்ந்தபின் தாயோடு சேர்ந்து, கடைசிவரை அவரது வலக்கரமாக இருந்தார்.

புகழைத் தொடர்ந்து சோதனையும் வந்தது. முசோலினியின் ஆட்சி குழந்தைகளைப் போர்வீரர்களாக வளர்க்க விரும்பியது. அதற்கு இணங்காத மரியா 1934-ஆம் ஆண்டு இத்தாலியை விட்டு வெளியேற, அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்த அவரை 1936-இல் உள்நாட்டுப் போர் விரட்டியது. 1939-ஆம் ஆண்டு இறுதியில் தியாசபிகல் சங்கத்தின் அழைப்பை ஏற்று, தமது 69-ஆம் வயதில் மகனுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அங்கே கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசுக்கு இருவரும் பகை நாட்டினர் ஆயினர். மாரியோ சிறைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அன்னையோ அடையாற்று எல்லையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அவரது எழுபதாம் பிறந்தநாளன்று வைஸ்ராய் அளித்த பரிசு மகனின் விடுதலை! அதைவிடச் சிறந்த பரிசு எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?

1942-இல் அவர்கள் கொடைக்கானல் சென்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தினவின் துணையுடன் அங்கே சிறு பள்ளி ஒன்று நடந்தது. மலைச்சரிவுகளில் உலாவிப் பிள்ளைகள் கொண்டுவந்த இலையும் பாசியுமே பாடப் பொருள்களாயின. ஓர் இலையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து கதிரவனுக்கும் பிள்ளையின் அறிவை அழைத்துச்செல்லும் பிரபஞ்சக் கல்வி என்னும் கருத்து அங்கேதான் உருப்பெற்றது. 1946-இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியா வந்து சென்ற அவர், நோபல் சமாதானப் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே அவர் துயில்கிறார்.

அவர் வாழ்ந்த மலை வேறு, எங்கள் சேர்வராயன் மலை வேறு. ஆனால் பிள்ளைகள் ஒன்றே. குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையோரத்து ஊர்களில் வேலைக்குப் போகும் தாய்மார் அங்கன்வாடியில் விட்டுச்செல்லும் குழந்தைகளும், சான் லொரன்சோ பிள்ளைகளைப் போலவே உழைப்பவர் வீட்டுச் செல்வங்கள். காபிப் பழத்தை நிறம் பார்த்துப் பிரிக்கவும், பலாவிலையில் தொன்னை செய்யவும், மிளகை எண்ணிக் குவிக்கவும் அவர்களுக்குத் தெரியும். விலையுயர்ந்த சாமான் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டு நம் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் செயல்வழிக் கற்றல் பரவியபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்கள். அந்தத் தாழ்ந்த கரும்பலகையில் அன்னையின் கருத்தைக் காண்கிறோம்.

தோழியரே! பத்தாம் வகுப்பை முடித்துச் செல்லவிருக்கும் நம்மில் சிலர் ஆசிரியை ஆவோம், பலர் தாயாவோம். சட்டைப் பொத்தானோடு ஒரு குழந்தை போராடும்போது, நேரமாகிறதே என்று நம் கை தானாக நீளும். அப்போது சற்றுப் பொறுப்போம். அந்தப் பொத்தான் துளையில் நுழைந்ததும் அம்முகத்தில் தோன்றும் ஒளிக்காகவே ஓர் அம்மையார் நாடு நாடாக அலைந்து, காவலிலும் கலங்காமல் உழைத்தார். குழந்தைக்காக நீளும் கை நல்ல கை. குழந்தை தானே செய்யட்டும் என்று பொறுத்து நிற்கும் கை அதனினும் நல்ல கை. அத்தகைய கைகளை நமக்கு அருளும்படி இறைவனை வேண்டுவோமாக!