சிபில் கார்த்திகேசு: ஊராரின் காயம் கட்டியவர், தன் காயத்தையும் பார்த்தார்

ஈப்போவில் ஒரு சாலைக்கு ஜாலான் சிபில் கார்த்திகேசு என்று பெயர். பேராக் மாநில மாணவர்கள் பலருக்கு அந்தப் பெயர்ப்பலகை பழக்கமானதாக இருக்கும். நான் ஜோகூர், மாசாயில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்திலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போனால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதனால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பேராக்கிலிருந்து வந்த நண்பர்களோடு பழகிய பிறகுதான் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது.

ஜப்பானியர் காலத்தில் துணிந்து நின்ற தாதி, ஜார்ஜ் பதக்கம் பெற்ற வீராங்கனை என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, அந்த வீரத்தோடு வேறொரு கேள்வியும் மனத்தில் எழுந்தது. ஊரார் காயங்களுக்கெல்லாம் மருந்து போட்ட அந்தப் பெண், தன் சொந்தத் துன்பங்களை என்ன செய்தார்?

மாணவ நண்பர்களே, இது நமக்கும் உள்ள கேள்வி. வீட்டில் பணக் கஷ்டம், பெற்றோருக்குள் சண்டை, படிப்பில் பின்னடைவு, யாரிடமும் சொல்லாத ஒரு துக்கம் என்று நம்மில் பலர் எதையாவது ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். எஸ்.பி.எம். முடியட்டும், பருவத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். சிபிலின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் படித்தால் நமக்குக் கிடைப்பது நிறைய.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே நடுப்பெயராக வைத்து அவரை சிபில் மேடான் டேலி என்று அழைத்தார்கள். தந்தை ஐரிஷ் கலப்பு வழியில் வந்த தோட்டத்துரை. தாயார் பிரெஞ்சு கலப்பு வழியினர்; பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. வீட்டில் ஐந்தாவது பிள்ளை சிபில், ஒரே பெண் பிள்ளையும் அவர்தான். தாயாரின் வழியில் அவரும் தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றார். கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார்.

அவர் மணந்தவர் ஒரு தமிழ் மருத்துவர். தைப்பிங்கில் பிறந்த ஆறுமுகம் கணபதிப் பிள்ளை இந்து; சிபில் கத்தோலிக்கர். சமய வேறுபாட்டால் திருமணத்துக்கு முதலில் தடை வந்தது. பிறகு இரு பக்கமும் பேசி இணக்கம் கண்டார்கள். 1919ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கோலாலம்பூர் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகன் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று பெயர் மாற்றிக்கொண்டார். அந்தத் தமிழ்ப் பெயரோடுதான் சிபிலை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

திருமணமான அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. முதல் உலகப் போரின்போது கல்லிப்போலியில் உயிரிழந்த தன் அண்ணன் மைக்கேலின் பெயரையே சிபில் குழந்தைக்கு வைத்தார். பிறக்கும்போதே கடுமையான உடல்நலக் கோளாறுகள் இருந்ததால் அந்தக் குழந்தை 19 மணி நேரம் மட்டுமே உயிரோடு இருந்தது.

மற்றவர்களின் பிள்ளைகளைக் கையில் ஏந்தி உலகத்துக்குக் கொண்டு வரும் தொழிலைக் கற்ற பெண்ணுக்குத் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அப்போது சிபிலுக்கு வயது இருபது கூட நிறையவில்லை. இன்று நான் இருக்கும் வயதுதான். அந்தத் துக்கத்தை அவர் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் தாயார் ஒரு வழி சொன்னார். அவர் பிரசவம் பார்த்து, பிறகு அவர்களுடைய புடு வீட்டிலேயே தங்கி வளர்ந்துகொண்டிருந்த வில்லியம் பிள்ளை என்ற சிறுவனைத் தத்தெடுத்துக்கொள்ளும்படி கூறினார். கணவனும் மனைவியும் ஏற்றுக்கொண்டார்கள். 1921இல் மகள் ஓல்கா பிறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் ஓல்கா, வில்லியம், தன் தாயார் மூவரையும் அழைத்துக்கொண்டு சிபில் ஈப்போவுக்கு வந்தார். இளைய மகள் டோன் 1936இல் பிறந்தாள்.

1926 முதல் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் கார்த்திகேசு தம்பதியர் மருந்தகம் நடத்தினார்கள். அன்றைய கிந்தா பள்ளத்தாக்கு ஈய லம்பங்களால் வாழ்ந்த பகுதி. கூலித் தொழிலாளர்கள், சீனர்கள், தமிழர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் அந்த மருந்தகத்தின் படியேறினார்கள்.

1941 டிசம்பரில் போர் வந்தது. ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடிப்பதற்குச் சில நாள்களுக்கு முன் குடும்பம் பக்கத்திலிருந்த பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. முதன்மைச் சாலையில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் சிகிச்சை தரத் தொடங்கினார். பகலில் ஊர் ஏழைகள் முன்வாசல் வழியாக வந்தார்கள். இரவில் ஜப்பானியருக்கு எதிராகக் காட்டில் போராடிய கொரில்லாக்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்த அவர்களுடைய காயங்களைக் கட்டி, மருந்து கொடுத்து, விடிவதற்குள் அனுப்பி வைத்தார்கள் கார்த்திகேசு தம்பதியர். ஊரார் சிபிலை மிஸ்ஸி என்று அன்போடு அழைத்தார்கள்.

அதோடு அந்த வீட்டில் ரகசியமாக ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதில் பிபிசி செய்தி கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் சொல்லி வந்தார்கள். அகப்பட்டால் தலை போகும் குற்றம் அது.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அகப்பட்டார்கள். கணவரும் மனைவியும் மகன் வில்லியமும் கைதானார்கள். ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாய், கொரில்லாக்களின் பெயர்களைக் கேட்டு சிபிலை வதைத்தது. நகங்களைப் பிடுங்கினார்கள். வயிறு வீங்கும்வரை தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். அடியில் முதுகெலும்பு பழுதடைந்து அவரால் நடக்க முடியாமல் போனது. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை உடைந்தது.

இவை எல்லாவற்றையும் விடக் கொடுமையான நாள் ஒன்று உண்டு. ஏழு வயதை ஒட்டிய டோனைக் கொண்டு வந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டப் போவதாக மிரட்டினார்கள். தாயை எதிரிலேயே கட்டி வைத்திருந்தார்கள். பெயர்களைச் சொன்னால் மகள் பிழைப்பாள். சொன்னால் அவரை நம்பிய பலர் சாவார்கள். சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் ஜப்பானிய அதிகாரி ஒருவரே குறுக்கிட்டதால் குழந்தை இறக்கிவிடப்பட்டது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் பெருமையை விடக் கலக்கமே அதிகமாக இருந்தது. முதல் பிள்ளையை இழந்த தாய் அவர். இன்னொரு பிள்ளையையும் இழக்கும் விளிம்பில் நிற்கிறார். அவரை அந்த நேரத்தில் தாங்கியது எது?

சிபில் எழுதிய நினைவு நூலைப் படித்தால் விடை கிடைக்கும். அவர் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். சிறையிலும் செபம் அவரோடு இருந்தது. எங்கள் வீட்டில் முருகன் படமும் எதிர்வீட்டில் மாதா படமும் மாட்டியிருக்கும் மாசாய் தாமான் ஒன்றில் வளர்ந்தவன் நான். கிறிஸ்தவ செபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேனே தவிர உள்ளிருந்து அறிந்தவன் அல்லன். ஆகவே தேடிப் படித்தேன். விவிலியத்தின் 150 திருப்பாடல்களில் பல, புலம்பல் பாடல்கள். மனிதன் கடவுளிடம் தன் வலியையும் பயத்தையும் கோபத்தையும் கூட மறைக்காமல் கொட்டுகிறான். இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில், வரப்போகும் துன்பம் தன்னைவிட்டு விலகாதா என்று முதலில் மன்றாடினார். அதன் பிறகே அதை ஏற்றார். அந்த நம்பிக்கையில் பயத்தைச் சொல்வது வெட்கம் இல்லை. வலியை ஒப்புக்கொள்வதுதான் செபத்தின் முதல் படி. சிபிலின் உறுதியும் அங்கிருந்து வந்ததாகவே நான் புரிந்துகொள்கிறேன்.

பத்து காஜா சிறையில் அடைபட்டிருந்த சிபில், ஜப்பான் சரணடைந்த பிறகு 1945இல் விடுதலையானார். நடக்க முடியாத நிலையில் வெளியே வந்தார். பலருடைய கதை இங்கே முடிந்துவிடும். வெற்றி கிடைத்தது, ஊர் கொண்டாடியது, பழையதை மறந்துவிடலாம் என்று இருந்துவிடலாம். சிபில் அப்படி இருக்கவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். பிறரைக் கவனித்தே பழகியவர், இப்போது நோயாளியாகப் படுத்து, அந்நிய மருத்துவர்களிடம் தன் உடலை ஒப்படைத்தார். அங்கேதான் தன் நினைவுகளை எழுதவும் தொடங்கினார். வதைத்த அறைகளுக்கும், மகள் தொங்கிய மரத்தடிக்கும் அவர் மனத்தால் திரும்பிப் போக வேண்டியிருந்தது. நோய்ப்படுக்கையில் இருந்துகொண்டு அதைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பார்வையில் இதுவும் அவருடைய வீரம்தான். எதிரியின் முன் நிற்கும் வீரத்தை ஊர் பார்க்கும், பதக்கம் கொடுக்கும். தனக்கு நடந்ததைத் தானே திரும்பிப் பார்க்கும் வீரத்துக்குச் சாட்சி குறைவு.

நம்பிக்கை இருந்தால் மருந்து தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சிபில் தாதி, அப்படி நினைத்தவரில்லை. அவர் வாழ்க்கையில் செபமும் சிகிச்சையும் சேர்ந்தே இருந்தன. இதை மாசாயிலும் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்த எங்கள் தாமான் ஆண்கள் பலர் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒரு மாமாவுக்கு இனிப்புநீர். காலில் புண் வந்திருந்தது. குடும்பத்துக்குச் செலவு வைக்கக் கூடாது என்று யாரிடமும் காட்டாமல் மறைத்தார். எதிர்வீட்டு அக்கா அவருக்காகத் தினமும் செபம் செய்தார். புண்ணைப் பற்றித் தெரிந்த அன்றே முகக்கவரியை மாட்டிக்கொண்டு வந்து, மாமாவைத் தன் காரில் ஏற்றி சுகாதாரக் கிளினிக்குக்கும் அழைத்துப் போனார். அந்தக் கால் பிழைத்தது. செபம் செய்பவர் கண்ணை மூடிக்கொண்டே இருப்பதில்லை என்பதை அன்று கண்டேன்.

சிபிலுக்கு அப்படி ஒரு நல்ல முடிவு கிடைக்கவில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற சில மாதங்களில், தாடையில் பட்ட அந்தப் பழைய காயத்தால் இரத்தத்தில் நஞ்சேறியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், 48 வயதில், பிரிட்டனிலேயே இறந்தார். ஸ்காட்லாந்தின் லானார்க் ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. 19 மணி நேரம் வாழ்ந்த தலைமகனின் பெயரைக் கொண்ட தேவாலயத்தின் நிழலில் அந்தத் தாய் உறங்குகிறார். அவர் எழுதிய நினைவுகள் 1954இல் நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற பெயரில் நூலாக வந்தன. அச்சில் பார்க்க அவர் இல்லை.

அப்படியானால் அவருடைய நம்பிக்கையால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான். அந்த நம்பிக்கை அவருடைய வலியை எடுத்துவிடவில்லை. குழந்தையைத் திருப்பித் தரவில்லை, உடைந்த தாடையை ஒட்டவில்லை. ஆனால் எந்தத் துன்பத்தையும் அவர் தனியாகவும் பொய்யாகவும் சுமக்க விடவில்லை. குழந்தை இறந்தபோது வேறொரு குழந்தைக்கு வீட்டில் இடம் தர முடிந்தது. சிறையில் இருந்தபோது மன்றாட ஒருவர் இருந்தார். விடுதலைக்குப் பிறகு நடந்ததை நடந்தபடியே எழுத முடிந்தது.

நண்பர்களே, நம்முடைய காலம் ஜப்பானியர் காலம் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் நம் கவலை சிறியது என்று சொல்லிச் சொல்லியே அதை மறைத்துவிடுகிறோம். சின்னப் புண்ணும் பார்க்காமல் விட்டால் புரையோடும். தேவாலயத்துக்குப் போகிறவர் தன் பங்குத் தந்தையிடமோ போதகரிடமோ சொல்லலாம். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவருக்கும் மனம் திறக்க ஒருவர் இருப்பார். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. உடல் நோய் என்றால் மருத்துவர் இருக்கிறார். யாரிடமாவது முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

அடுத்த விடுமுறையில் ஈப்போ பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பாப்பானுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். முதன்மைச் சாலையில் 74ஆம் எண் வீட்டைப் பாருங்கள். பல இரவுகளில் காயம்பட்டவர்கள் கதவைத் தட்டிய வீடு அது. தட்டியவர்களுக்கு அங்கே கதவு திறந்தது. நம் வலியைச் சொல்ல நாமும் ஒரு கதவைத் தட்டலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.